ஏர்ன்ஷோ குடும்பம்: சாபமும் சொத்துரிமையும்

எமிலி புறொண்டேயின் ஒரே நாவலான ‘வதறிங் ஹைற்ஸ்’ எலிஸ் பெல் என்ற புனைபெயரில் 1847 டிசம்பரில் வெளிவந்தது. காதலின் ஆவேசம், விதியின் கொடுமை, இயற்கையின் சீற்றம் என்பவற்றின் காவியமாகவே அது பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. டேவிட் செசில் 1934இல் எழுதிய நூலில், புயல், அமைதி என்னும் இரு பிரபஞ்ச சக்திகளின் மோதலாக அதனை விளக்கினார். இத்தகைய நோக்குகள் நாவலின் உணர்ச்சி வேகத்தை உணர்ந்துகொள்ள ஓரளவு துணைபுரிவன. ஆயின், ஏர்ன்ஷோ குடும்பம் ஏன் சிதைந்தது என்ற வினாவுக்கு அவற்றில் விடை இல்லை. அவ்விடையைக் குடும்பத்துக்கும் சொத்துக்கும் இடையிலான உறவிலேயே தேடவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஆங்கிலக் கோதிக் நாவல் ஹொறஸ் வோல்போலின் ‘ஒற்றான்ரோக் கோட்டை’யுடன் 1764இல் தோற்றம் பெற்றது. ஆவிகளும் சாபங்களும் நிறைந்த அந்நாவலின் மையப் பிரச்சினையே, முறைகேடாகக் கைப்பற்றப்பட்ட முதுசொம் உரியவரைச் சென்றடைவதுதான். எமிலி இப்பிரச்சினையை இத்தாலியக் கோட்டையிலிருந்து யோர்க்ஷயர் மேட்டுநிலத்துப் பண்ணைவீடொன்றுக்குக் கொண்டுவந்தார். அவ்வீட்டு வாயிலின் மேல் 1500 என்ற ஆண்டும் ஹேர்ற்றன் ஏர்ன்ஷோ என்ற பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. சொந்த நிலத்தில் தாமும் உழைத்து வாழ்ந்த சிறு நிலவுடைமையாளரின் குடும்பம் இது. நிலமும் வீடும் பெயரும் இங்கு பிரிக்கமுடியாதவையாகப் பிணைந்துள்ளன.

இக்குடும்பத்துள் பெயரற்ற ஒருவன் நுழைகிறான். அறுபது மைல் நடந்து லிவர்பூலுக்குச் சென்ற முதிய ஏர்ன்ஷோ, அந்நகரத் தெருவிற் கண்டெடுத்த சிறுவனொருவனை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். இறந்துபோன தம் மகனின் பெயரான ஹீத்கிளிஃப் என்பதே அவனுக்கும் இடப்படுகிறது. ஏர்ன்ஷோ என்ற குடும்பப்பெயர் மட்டும் வழங்கப்படவில்லை. கதை நிகழும் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லிவர்பூல், அடிமை வணிகத்தில் முன்னணியில் நின்ற துறைமுகமாகும். அயலவரான முதிய லின்ரன், கருநிறம் கொண்ட இச்சிறுவனை லஸ்கார் எனப்பட்ட ஆசியக் கப்பலாளின் பிள்ளையாகவோ, கரையொதுங்கிய அமெரிக்கனாகவோ ஸ்பானியனாகவோ கருதுகிறார். ரெறி ஈகிள்ரன் 1995இல் வெளியிட்ட நூலில், அயர்லாந்துப் பஞ்சத்தோடு இணைத்து அவனை நோக்கினார். அவனது பூர்வீகம் யாது என நாவல் கூறவில்லை. எவ்வுரிமையும் அற்றவன் என்பதே குடும்பத்துள் அவனது நிலையை நிர்ணயிக்கிறது.

தந்தையின் அன்பு உரிமையாக மாறவில்லை. அவர் இறந்ததும் வீட்டுத் தலைவனாகும் மூத்த மகன் ஹின்ட்லி, ஹீத்கிளிஃபின் கல்வியை நிறுத்தி அவனைப் பண்ணைக் கூலியாளாக்குகிறான். கதரினின் முடிவும் இதே சூழலில் எழுவது. தான் ஹீத்கிளிஃபை மணந்தால் இருவரும் பிச்சைக்காரராவோம் என்றும், எட்கார் லின்ரனை மணந்தால் அவனது செல்வத்தைக் கொண்டு ஹீத்கிளிஃபை உயர்த்தலாம் என்றும் அவள் கணக்கிடுகிறாள். இதனைப் பேராசை எனக் கொள்வது பொருந்தாது. தனக்கெனச் சொத்தற்ற பெண்ணுக்குத் திருமணமொன்றே பொருளியல் வழியாகத் திறந்திருந்தது.

மூன்றாண்டுகளின் பின் செல்வந்தனாகத் திரும்பும் ஹீத்கிளிஃப், கத்தியாலன்றிச் சட்டத்தாலேயே பழிவாங்குகிறான். சூதாட்டத்தில் மூழ்கிய ஹின்ட்லி நிலம் முழுவதையும் அவனிடம் ஈடு வைத்து இறக்கிறான். ஹின்ட்லியின் மகன் ஹேர்ற்றன் சொந்த வீட்டிலேயே ஊதியமற்ற வேலையாளாகிறான். எட்காரின் தங்கை இஸபெல்லாவை மணந்து பெற்ற மகனை, எட்காரின் மகளான இளைய கதரினுக்குப் பலவந்தமாக மணம்முடித்து வைக்கிறான் ஹீத்கிளிஃப். மகளின் செல்வத்தை நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க விரும்பி, மரணப்படுக்கையிலிருந்த எட்கார் சட்டத்தரணிக்கு ஆளனுப்புகிறான். முன்னரே ஹீத்கிளிஃபுக்கு விலைபோயிருந்த சட்டத்தரணியோ எட்கார் இறந்த பின்னரே வந்துசேர்கிறான். மணமான பெண்களின் சொத்துரிமையை அங்கீகரித்த முதற் சட்டம் இங்கிலாந்தில் 1870இலேயே நிறைவேறியது. அதற்கு முன்னர் மனைவியின் அசையும் ஆதனம் கணவனுக்கே உரியது. எமிலி இச்சட்டங்களை எத்துணை நுட்பமாக அறிந்திருந்தார் என்பதை சி. பி. சாங்கர் 1926இல் எடுத்துக்காட்டினார்.

இவ்விடத்தில் முற்போக்கு வாசகர் ஒரு தவறைத் தவிர்த்தல் வேண்டும். ஹீத்கிளிஃபை ஒடுக்கப்பட்டோரின் கலகக்குரலாக மட்டும் கொள்வது எளிது. ஆர்னல்ட் கெற்றில் 1951இல் அவனது கலகத்தின் மனித நியாயத்தை வலியுறுத்தினார்; எதிரிகளின் அளவுகோல்களையே அவன் அவர்கள்மீது திருப்புவதையும் கண்டார். ஈகிள்ரன் 1975இல் அவனுள் இருந்த வர்க்க முரண்பாட்டை மேலும் விரிவாக ஆராய்ந்தார். ஹின்ட்லி தனக்குச் செய்ததையே ஹீத்கிளிஃப் ஹேர்ற்றனுக்குச் செய்கிறான். குத்தகையாளரிடம் அவன் காட்டும் கடுமை எந்தப் பண்ணையாரின் கடுமைக்கும் குறைந்ததன்று. ஒடுக்கப்பட்டவன் தனியொருவனாய் நின்று உடைமையாளனாகும்போது, உடைமை உறவு மாறாது, உடைமையாளனே மாறுகிறான். கலகம் எனவும் விடுதலை எனவும் நாம் வழங்கும் சொற்களின் பொருளைத் தெளிவுபடுத்துவதனால் இவ்வுண்மை இலக்கிய விமர்சனத்துக்கு அப்பாலும் முக்கியத்துவமுடையது.

இவ்வெற்றியின் வெறுமையை ஹீத்கிளிஃபே உணர்கிறான். இறக்கும் தறுவாயிலும் அவன் மரணசாசனம் எழுதவில்லை. தன் சொத்து முழுவதும் பூமியிலிருந்தே அழிந்துவிடலாகாதா என ஏங்குகிறான். எல்லா ஆதனத்தையும் பெற்றவனால் கதரினை மட்டும் பெற முடியவில்லை. நாவலில் உலவும் ஆவியின் சமூகப் பொருளும் இதுவே எனலாம். உடைமைச் சமூகத்துள் வாழ இடம்பெறாத உறவு மேட்டுநிலத்தில் ஆவியாக அலைகிறது.

முடிவில் நிலம் பழைய வாரிசுகளிடம் திரும்புகிறது. எழுத்தறியாதவனாய் வளர்க்கப்பட்ட ஹேர்ற்றனுக்கு இளைய கதரின் வாசிக்கக் கற்பிக்கிறாள். வேலையாள் ஜோசப்பின் பழச்செடிகளைப் பிடுங்கி இருவரும் பூம்பாத்தி அமைக்கின்றனர். இங்கு சமத்துவமான உறவொன்றின் சாயல் தென்படுவதை மறுக்கமுடியாது. ஆயினும் 1803ஆம் ஆண்டின் முதல்நாளில் நிகழவிருக்கும் அவர்களது திருமணம் சொத்துக்களையும் ஒன்றிணைக்கிறது. சட்டபூர்வ உரிமையாளனும் பழைய வமிசமும் மீண்டதற்காக ஜோசப் முழந்தாளிட்டு இறைவனுக்கு நன்றி கூறுகிறான். ஒழுங்கு மீண்டுவிட்டது, ஆனால் அது பழைய ஒழுங்கே.

குடும்பப்பெயரும் வயதும் அறியப்படாமையால் ஹீத்கிளிஃபின் கல்லறையில் ஒற்றைப் பெயரும் இறந்த தேதியும் மட்டுமே பொறிக்கப்படுகின்றன. வாயிலில் மூன்று நூற்றாண்டுகளாக நிற்கும் பெயரையும் கல்லறையின் இவ்வொற்றைச் சொல்லையும் ஒருங்கே வைத்து நோக்குவோர்க்கு, ஏர்ன்ஷோ குடும்பத்தின் சாபம் யாதென்பது புலனாகும். வெளியிலிருந்து வந்தவன் அச்சாபத்தைக் கொண்டுவரவில்லை. அது வாயிற்கல்லிலேயே எழுதப்பட்டிருந்தது.