ஒரே தெரு, இரண்டு சட்டம்

அமெரிக்காவில் சிகாகோவுக்குத் தெற்கே ஸ்டேட் லைன் ரோடு என்றொரு சாலை. மேற்குப் பக்கம் கேலுமெட் சிட்டி, இல்லினாய் மாநிலம். கிழக்குப் பக்கம் ஹேமண்ட், இந்தியானா மாநிலம். மேற்கே குடியிருப்பவர் சட்டைக்குள் கைத்துப்பாக்கியை மறைத்துக்கொண்டு நடமாட, 16 மணி நேரம் பயிற்சி பெற்று உரிமம் வாங்க வேண்டும். எதிர்வீட்டுக்காரருக்கு 2022 ஜூலை முதல் உரிமமும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம்.

மறைத்து எடுத்துச்செல்லக் கடைசியாக அனுமதி கொடுத்த மாநிலம் இல்லினாய். நீதிமன்றம் நெருக்கிய பிறகு, 2013-இல். அங்கே தேர்வு இப்படி: காகிதத்தில் அச்சிட்ட கறுப்பு மனித உருவம். 15, 21, 30 அடி தூரங்களிலிருந்து பத்துப் பத்துத் தோட்டா. முப்பதில் 21 பட்டால் பாஸ். மீதி 9? பயிற்சிக்கூடத்தில் பின்சுவர் தாங்கிக்கொள்ளும். தெருவில் அந்த இடத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் இருப்பார்கள்.

டெக்சாஸில் 1996-இல் உரிமம் தொடங்கியபோது வகுப்பு 10 முதல் 15 மணி நேரம். 2013-இல் அது 4 முதல் 6 மணி நேரமாகச் சுருங்கியது. 2021 செப்டம்பரில் உரிமமே கட்டாயமில்லை என்றானது. நியூயார்க் எதிர்த்திசையில் போனது. துப்பாக்கி எதற்கு என்று தனிக் காரணம் கேட்கும் அதன் சட்டத்தை 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ‘ஏன்’ என்று கேட்க முடியாத மாநிலம், ‘பழகியிருக்கிறாயா’ என்று கேட்கத் தொடங்கியது: 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுடும் பயிற்சி.

அரசியல் சாசனம் தந்த உரிமைக்குப் பரீட்சை எதற்கு என்பது எதிர்ப்பாளர்களின் கேள்வி. இரண்டு நாள் கூலியையும் பயிற்சிக் கட்டணத்தையும் இழப்பது, ஆபத்தான பேட்டையில் வாழும் ஏழைதான் என்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. கட்டணத்தை அரசே ஏற்றால் அந்தக் குறை தீரும். பயிற்சியை எடுத்துவிடத் தேவையில்லை.

இல்லினாயின் 16 மணி நேரத்தில் முப்பது தோட்டா சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மிச்ச நேரத்தில்தான் விஷயம் இருக்கிறது: தோட்டாவை எப்படிப் பத்திரமாக வெளியே எடுப்பது, பள்ளி, பஸ், ரயில் என எங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது, போலீஸ் கேட்டால் என்ன சொல்வது, எப்போது சுடச் சட்டம் இடம் தராது. எதிர்வீட்டுக்காரருக்கு வாய்க்காமல் போவது அந்த மிச்ச நேரம்தான்.