பாட்டில் எழுதியதை நகைப்பெட்டியில் செய்து காட்டியவர்! - ஒரு கிறிஸ்தவப் பாடலின் கதை

பீரோவைத் திறந்து, இருக்கிற நகையையெல்லாம் எடுத்து ஒரு பெட்டியில் அடுக்கி, 'ஊழியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பிவிட நம்மால் முடியுமா? 1878-ம் ஆண்டு, இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு பெண் அதைச் செய்தார். அதற்குக் காரணம், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவரே எழுதிய ஒரு பாடல்.

அவர் பெயர் ஃபிரான்சஸ் ரிட்லி ஹாவர்கல். 'டேக் மை லைஃப் அண்ட் லெட் இட் பி' என்று தொடங்கும் ஆங்கிலப் பாடலைத் தேவாலயத்தில் பாடியவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்கலாம். ஆனால், அவருடைய வரிகள் நிச்சயம் தெரிந்திருக்கும். இயேசுவின் சீடராக வாழ்வது என்றால் என்ன என்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்ன பாடல்கள் குறைவு.

அப்பா போட்ட விதை

1836 டிசம்பர் 14 அன்று, வொர்செஸ்டர்ஷயர் மாவட்டத்தில் உள்ள ஆஸ்ட்லி கிராமத்தில் பிறந்தார் ஃபிரான்சஸ். அப்பா வில்லியம் ஹென்றி ஹாவர்கல் அந்த ஊர்ப் போதகர். 1829-ல் நடந்த ஒரு வண்டி விபத்தில் படுகாயம் அடைந்து பல காலம் ஊழியம் செய்ய முடியாமல் போனபோது, அவர் இசையில் மூழ்கினார். தேவாலயப் பாடல்களுக்கு நிறைய ராகங்கள் அமைத்தார்.

அந்த வீட்டின் கடைக்குட்டி ஃபிரான்சஸ். பியானோ, பாட்டு இரண்டிலும் கெட்டிக்காரி. எபிரெயம், கிரேக்கம் உட்பட பல மொழிகளும் கற்றவர். உடம்பு மட்டும் அடிக்கடி படுத்தியது.

தூக்கம் வராத இரவு

1874 பிப்ரவரி. ஆர்லி ஹவுஸ் என்ற வீட்டுக்கு ஐந்து நாள் விருந்தாளியாகப் போனார் ஃபிரான்சஸ். அந்த வீட்டில் பத்துப் பேர். சிலர் கடவுள் நம்பிக்கைக்குள் வராதவர்கள். சிலர் நம்பிக்கை இருந்தும் அதில் மகிழ்ச்சி காணாதவர்கள். 'இந்த வீட்டில் இருக்கிற எல்லோரையும் எனக்குத் தாரும்' என்று ஜெபித்தார். நாள்கள் நகர நகர ஒவ்வொருவராக மனம் மாறினார்கள்.

கடைசி நாள் இரவு, களைத்துப்போய்ப் படுக்கப் போனவரை அந்த வீட்டின் ஆசிரியை கூப்பிட்டார். வீட்டின் இரண்டு மகள்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களோடு பேசி முடிக்கும்போது நடுநிசி நெருங்கிவிட்டது. சந்தோஷத்தில் ஃபிரான்சஸுக்குத் தூக்கமே வரவில்லை. அந்த இரவில் இரண்டிரண்டு வரிகளாக மனதுக்குள் வந்து விழுந்ததுதான் இந்தப் பாடல்.

கை முதல் காசு வரை

பாடலின் அமைப்பு ஒரு பட்டியல் மாதிரி இருக்கும். முதலில் வாழ்க்கை, நேரம். பிறகு கைகள், கால்கள், குரல், உதடுகள். அதற்கடுத்து வெள்ளி, பொன், அறிவு. கடைசியில் விருப்பம், இதயம், அன்பு, முடிவாகத் 'தான்' என்கிற முழு ஆள். ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்ளும்படி கடவுளிடம் கேட்கிறார்.

குரலைப் பற்றிய வரி அவருக்கு வெறும் வார்த்தை அல்ல. மேடையில் தனிப்பாடகியாகப் பாராட்டு வாங்கியவர் அவர். அந்தக் காலகட்டத்தில், இனி பக்திப் பாடல்கள் மட்டுமே பாடுவது என்று முடிவெடுத்திருந்தார்.

மிச்சம் இருந்தது பொன்னைப் பற்றிய வரி. 1878-ல் அதற்கும் நேரம் வந்தது. நகைகளை வைத்திருந்த அழகான பேழை உட்பட ஏறக்குறைய 50 பொருள்களைச் சர்ச் மிஷனரி சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். 1820 முதல் நம் திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்த அதே சங்கம்தான் இது.

எல்லாவற்றையுமா கொடுத்துவிட்டார்? இல்லை. அப்பா அம்மா நினைவாக ஒன்றிரண்டு ப்ரூச்சுகள், இறந்துபோன உறவுக்காரப் பெண்ணின் படம் உள்ள லாக்கெட் போன்ற சிலவற்றை வைத்துக்கொண்டார். ஆனால், அவற்றின் விலையைப் பணமாகச் சங்கத்துக்குக் கட்டிவிட்டார்! ஒரு பெட்டியை இவ்வளவு ஆசையாகக் கட்டியதே இல்லை என்று தோழிக்கு எழுதினார்.

மகளின் ஆசை, மக்களின் ராகம்

வரிகள் இரண்டிரண்டாக இருப்பதால், இரண்டு ஜோடியைச் சேர்த்து நான்கு வரிச் சரணமாக்கினால், அந்த அளவுக்குப் பொருந்தும் எந்த ராகத்திலும் பாடலாம். அதனால் ஒரே பாடலுக்குப் பல ராகங்கள்.

ஃபிரான்சஸுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். அப்பா அமைத்த 'பட்மோஸ்'. 1870-லேயே அப்பா இறந்துவிட்டார். மகளின் இந்தப் பாடலை அவர் கேட்டதே இல்லை. மகளின் வரியும் அப்பாவின் ராகமும் சேர்ந்தே ஒலிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

ஆனால், பரவலாக நிலைத்தது வேறு ராகங்கள். ஜெனீவாவைச் சேர்ந்த போதகர் சீசர் மலான் அமைத்த 'ஹெண்டன்' ராகத்தில் கடைசி வரி திரும்ப வரும்; சபையாகச் சேர்ந்து பாட அது சுகம். இன்னொன்று 'நாட்டிங்ஹாம்'. மோட்சார்ட்டின் இசை என்று பல பாட்டுப் புத்தகங்களில் அச்சானது. அது அவருடையது அல்ல என்பதே ஆய்வாளர்களின் இன்றைய கருத்து.

1879 ஜூன் 3 அன்று, வேல்ஸ் கடற்கரையில் உள்ள காஸ்வெல் பே என்ற இடத்தில் ஃபிரான்சஸ் காலமானார். வயது 42. ஆஸ்ட்லியில், அப்பா ஊழியம் செய்த ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இந்தப் பாடலின் ஒவ்வொரு ஜோடி வரிக்கும் ஓர் அத்தியாயமாக அவர் எழுதிய புத்தகம், அவர் மறைவுக்குப் பிறகு வெளிவந்தது.

அடுத்த முறை இந்தப் பாடலைப் பாடும்போது, பொன்னைப் பற்றிய அந்த வரி வந்தால் ஒரு நொடி நின்று கவனியுங்கள். அதை எழுதியவர், பாடியதோடு நிறுத்திக்கொள்ளவில்லை!