பேட்டரி விலை எங்கிருந்து எங்கே விழுந்தது, தெரியுமா?

கரண்ட் பில்லில் யூனிட், யூனிட்டாக எண்ணுகிறோமே, அந்த ஒரே ஒரு யூனிட்டைப் பிடித்துவைக்கும் லித்தியம் பேட்டரி 2010-ல் என்ன விலை தெரியுமா? 1,000 டாலருக்கும் மேல்! 2025-ல்? உலகச் சராசரி 108 டாலர் என்கிறது, வருஷாவருஷம் இந்தக் கணக்கை எடுக்கும் ப்ளூம்பெர்க்என்இஎஃப். துவரம்பருப்பு இப்படி இறங்கியதாக யாராவது சொன்னால் நம்புவீர்களா?

மூன்று யூனிட் பிடிக்கும் ஸ்கூட்டர் பேட்டரிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். டாலர் 46 ரூபாய்க்கு விற்ற அந்த நாளில் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல்; பேட்டரி விலையில் ஸ்கூட்டரே வாங்கி, மிச்சமும் பார்த்திருக்கலாம். இன்று 30,000 ரூபாய்க்குப் பக்கத்தில். (கடையில் போய்க் கேட்டால் இந்த விலைக்குத் தரமாட்டார்கள். வரிக்கு வருகிறேன், பொறுங்கள்.)

பேட்டரி என்றால் ஒரே கட்டி என்று நினைப்பவரா நீங்கள்? பல ஸ்கூட்டர்களில் மூடியைத் திறந்தால் உள்ளே டார்ச் செல்லின் அண்ணன் தம்பிகள் மாதிரி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உருளைகள், தோளோடு தோள் ஒட்டி நிற்கும்! அதில் ஒரு ரகத்தின் பெயர் 21700. ஏதோ ரகசிய எண் அல்ல. 21 மில்லிமீட்டர் அகலம், 70 மில்லிமீட்டர் உயரம், அவ்வளவுதான். இன்னொன்று: நடுத்தரக் கார் ஒன்றின் பேட்டரியே சில நூறு கிலோ கனக்கும், ஆனால் அதில் லித்தியம் பத்துக் கிலோகூடத் தேறாது!

அப்படியானால் விலையை ஏற்றியது எது? மூலப்பொருள்களில் பெரும்பாலும் கோபால்ட்டும் நிக்கலும். இரண்டும் இல்லாமல், இரும்பையும் பாஸ்பேட்டையும் வைத்தே வேலையை முடிக்கும் எல்எஃப்பி பேட்டரி விலையை இன்னும் இறக்கியது. அது எங்கே பிறந்தது? சீனாவில் என்றுதானே சொல்லப்போகிறீர்கள்? இல்லை, அமெரிக்காவின் டெக்சாஸில்! விஞ்ஞானி ஜான் குட்இனஃப்பின் ஆய்வகத்தில். அதை அறிவித்து 1997-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர், இந்தியாவிலிருந்து போன மாணவர் அக்‌ஷய பாதி. குட்இனஃப்புக்கு நோபல் கிடைத்தது 2019-ல், 97 வயதில். அந்த வயதில் வேறு யாரும் நோபல் வாங்கியதில்லை. ஆனால் எல்எஃப்பியை மலைமலையாகச் செய்து குவித்து விலையைச் சரித்தது சீனாதான். அந்தப் பெருமையை அவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

இனி என்ன விலைக்கு வரும்? இங்கேதான் ஜோசியர்களின் காலும் வழுக்கியது! 2023-ல் 100 டாலரை நெருங்கிவிடும் என்று 2019-ல் அடித்துச் சொன்னார்கள். நெருங்கவில்லை, 139-ல் நின்றது. காரணம், 2022 நவம்பரில் சீனச் சந்தையில் லித்தியம் கார்பனேட் டன்னுக்கு 6 லட்சம் யுவானை எட்டிப் பார்த்தது. அடுத்த ஒன்றரை வருஷத்துக்குள்ளேயே அது ஒரு லட்சத்துக்குக் கீழே குப்புற விழுந்தது தனிக் கூத்து. வருஷத்தைச் சொல்லி விலை சொல்பவர் யாராக இருந்தாலும் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள் என்பேன். இறங்கும் என்பது நிச்சயம். எப்போது என்பது சுரங்கத்தின் கையில்.

சரி, உப்பில் ஓடும் கார் தெரியுமா? உப்பில் இருக்கும் அதே சோடியத்தை வைத்து பேட்டரி செய்து, 2023 கடைசியில் சீனாவில் காரிலும் ஏற்றிவிட்டார்கள்! தாமிரத் தகட்டுக்குப் பதில் அலுமினியமே போதும். பிறகு ஏன் இன்னும் தெருவெங்கும் காணோம்? லித்தியமே இவ்வளவு மலிந்தபின், மலிவு என்று சொல்லிக்கொண்டு வந்த சோடியத்துக்குக் கடை விரிக்க இடம் சுலபத்தில் கிடைக்கவில்லை!

வரிக்கு வருவோம். நம் நாட்டில் மின் ஸ்கூட்டரை வண்டியாக வாங்கினால் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதே ஸ்கூட்டரின் பேட்டரியை மட்டும் தனியே வாங்கினால்? 18!