மின்தூக்கிப் பழுதுபார்ப்போர் பணிநிலையும் மேல்நோக்கிய இடரும்

மின்தூக்கி விபத்து என்றால் கூண்டு அறுந்து விழுவதையே பொதுமனம் எண்ணுகிறது. 1854இல் நியூயார்க்கில் எலிஷா ஓட்டிஸ் செய்துகாட்டிய பாதுகாப்பு அமைப்பும் வீழ்ச்சியைத் தடுப்பதே. கூண்டின் கூரைமேல் நின்று பழுதுபார்ப்பவருக்கோ இடர் எதிர்த்திசையிலும் உண்டு. பணிநிலை ஆய்வுகள் இதனைத் தனித்துக் கருதுதல் வேண்டும்.

கூண்டின் எடையோடு, அது ஏற்கும் சுமையில் ஏறத்தாழப் பாதியையும் சேர்த்தே எதிர் எடை அமைக்கப்படுகிறது. ஆளொன்றுக்கு 68 கிலோ என்னும் இந்தியக் கணக்கின்படி எட்டுப்பேர் மின்தூக்கியின் சுமை 544 கிலோ. அதில் பாதி 272. கூரைமேல் இருவர் நின்றாலும் எதிர் எடை 136 கிலோ மிகுந்தே இருக்கும். பிரேக் நழுவினால் கூண்டு மேலேறும். நிற்பவர் உச்சித்தளத்தில் நசுங்க நேரும். பழைய மின்தூக்கிகள் பலவற்றில் பாதுகாப்புப் பிடி இறங்குமுகத்தில் மட்டுமே பற்றும். தொழிலாளியின் கையருகே உள்ள நிறுத்துவிசையும் மின்னோட்டத்தைத் துண்டித்துவிட்டு அதே பிரேக்கைத்தான் நம்புகிறது.

ஆகவே பிரேக்கைக் கழற்றுமுன் எதிர் எடையைக் குழியில் முட்டுக்கொடுத்து நிறுத்துவது முறை. அதற்கு நேரமும் இரண்டாம் ஆளும் தேவை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் குறைந்த தொகைக்குப் பேசப்படும்போது முதலில் குறைக்கப்பட வாய்ப்புள்ளவை இவ்விரண்டுமே. மாடிப்படி ஏற இயலாத குடியிருப்போரின் அவசரமும், அது நியாயமானதே எனினும், தனியாளாக வந்தவர் மீதே விழுகிறது.