எச்சரிக்கையின் சாவி யார் கையில்?

பல்கலைக்கழக வளாகத்தின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மதில், காவலாளி, கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கடந்த நாற்பது ஆண்டு அனுபவத்தைப் பார்த்தால், ஆபத்து நேர்ந்த செய்தி யாருக்கோ தெரிந்த நிமிடத்துக்கும், அதை ஊரறியச் சொல்லும் அதிகாரம் படைத்தவர் வாய் திறக்கும் நிமிடத்துக்கும் இடையில் கழியும் நேரம் இம்மூன்றையும்விடப் பெரிய பொருளாக இருந்துவந்திருப்பது புலப்படும்.

அந்நாட்டில் இதற்கென இருக்கும் மத்தியச் சட்டம் ஒரு மாணவியின் பெயரைத் தாங்கியது. 1986 ஏப்ரல் 5 அன்று பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் படித்துவந்த ஜீன் கிளெரி என்ற 19 வயதுப் பெண், விடுதி அறையில் சக மாணவன் ஒருவனால் கொல்லப்பட்டார். தானாகவே பூட்டிக்கொள்ளும் விடுதிக் கதவுகளை வந்துபோகும் வசதிக்காக மாணவர்கள் பிட்சா அட்டைப்பெட்டிகளைச் செருகித் திறந்தே வைத்திருந்தனர். முந்தைய மூன்றாண்டுகளில் அவ்வளாகத்தில் 38 வன்முறைக் குற்றங்கள் பதிவாகியிருந்ததும், மாணவர்களுக்கோ பெற்றோருக்கோ அது தெரிவிக்கப்படாததும் பின்னரே வெளிவந்தன. பெற்றோர் இடைவிடாது முயன்றதன் விளைவாக 1990-இல் இயற்றப்பட்டு, 1998-இல் கிளெரி சட்டம் என்று பெயர் மாற்றப்பட்ட இச்சட்டம், அரசின் நிதியுதவித் திட்டங்களில் பங்குபெறும் ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் தன் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும் என்றும், மாணவருக்கும் ஊழியருக்கும் தொடர்ந்து ஆபத்து விளைவிக்கக்கூடிய குற்றம் நடந்தால் உரிய காலத்தில் எச்சரிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. 'உரிய காலம்' என்றால் எத்தனை நிமிடம் என்று சட்டம் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குள்தான் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் படுகொலை நிகழ்ந்தது.

2007 ஏப்ரல் 16, திங்கட்கிழமை. பிளாக்ஸ்பர்க் நகரிலுள்ள அப்பல்கலைக்கழகத்தின் விடுதி ஒன்றில் காலை சுமார் 7:15 மணிக்கு இருவர் சுடப்பட்டனர். அது காதல் தகராறாக இருக்கலாம் என்று கருதிய போலீசார், சுடப்பட்டவர்களில் ஒருவரான மாணவியின் நண்பரைத் தேடத் தொடங்கி, அவர் வளாகத்தை விட்டு வெளியேறிவிட்டார் என்ற முடிவுக்கு வந்தனர். விசாரணையின் தொடக்கத்தில் இப்படி ஓர் ஊகம் எழுவது இயல்பு. அதையே உறுதி என்று கொண்டு மற்றவர்கள் நடந்துகொண்டதில்தான் வினை இருந்தது. பல்கலைக்கழகத் தலைவரும் உயர் அலுவலர்களும் அடங்கிய கொள்கைக் குழு 8:25 மணியளவில் கூடியது. முதல் மின்னஞ்சல் புறப்பட்டபோது மணி 9:26. அதிலும் ஒரு துப்பாக்கிச் சூட்டுச் சம்பவம் நடந்திருப்பதாகவும் எச்சரிக்கையாக இருக்கும்படியும் மட்டுமே இருந்தது. இருவர் சுடப்பட்டதும், சுட்டவன் பிடிபடாததும் சொல்லப்படவில்லை. 9:40-க்கு அதே கொலையாளி நாரிஸ் ஹால் என்ற பொறியியல் கட்டிடத்தில் சுடத் தொடங்கியபோது, போலீசார் மாணவியின் நண்பரைச் சாலையோரத்தில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தனர்.

இரண்டு மணி நேரத் தாமதத்துக்கு அலட்சியத்தை மட்டும் காரணமாக்குவது நியாயமாகாது. 2006 ஆகஸ்டில், வகுப்புகள் தொடங்கிய முதல் நாளிலேயே, தப்பியோடிய கைதி ஒருவன் வளாகத்தின் அருகே நடமாடுவதாகத் தகவல் வந்து, பொய் வதந்தியால் பெரும் பீதி கிளம்பியிருந்தது. அந்தச் சூடு அதிகாரிகளுக்கு ஆறியிருக்கவில்லை. ஆனால் இதைவிட ஆழமான கோளாறு ஒன்று பல்கலைக்கழகத்தின் சொந்த நடைமுறையிலேயே இருந்தது. வளாகம் முழுவதற்கும் செய்தி அனுப்பத் தேவையான கணினிக் குறியீடு செய்தித் தொடர்புப் பிரிவின் ஓரிரு அலுவலர்களிடமே இருந்தது. சம்பவ இடத்தில் நின்ற வளாகப் போலீசார் நினைத்தாலும் தாமாக அனுப்ப இயலாது. அறிந்தவரிடம் சாவி இல்லை. சாவி வைத்திருந்தவர் உத்தரவுக்காகக் காத்திருந்தார்.

நாரிஸ் ஹாலில் பதினொரு நிமிடங்களுக்குள் 30 பேர் கொல்லப்பட்டனர். கட்டிடத்தின் மூன்று நுழைவாயில்களையும் கொலையாளி உள்ளிருந்து சங்கிலியால் பிணைத்திருந்தான். சங்கிலியை எடுத்தால் குண்டு வெடிக்கும் என்று எழுதிய தாள் ஒன்றை அங்கே கண்ட ஆசிரியர், போலீசுக்குத் தொலைபேசுவதற்குப் பதிலாக, அதை மூன்றாவது மாடியிலிருந்த புலத் தலைவரின் அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்பினார். அது பல்கலைக்கழகத்தின் அறிவுறுத்தலுக்கு மாறானது. தாள் போய்ச் சேர்ந்த வேளையில் கீழே வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. முதலில் தாக்கப்பட்ட 206-ஆம் அறையில் முதுநிலை மாணவர்களுக்கு நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிபாளையத்தில் பிறந்து, கோவையிலும் கான்பூர் ஐஐடியிலும் படித்து, இருபத்தைந்து ஆண்டுகளாக அங்கே பணியாற்றிவந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். அவரும் ஒன்பது மாணவர்களும் அங்கேயே இறந்தனர். 204-ஆம் அறையில், யூத இனப்படுகொலையிலிருந்து தப்பிப் பிழைத்தவரான 76 வயதுப் பேராசிரியர் லிவியூ லிப்ரெஸ்கு கதவை உடலால் அடைத்து நிற்க, மாணவர்கள் சன்னல் வழியே குதித்தனர், அவர் உயிர்விட்டார். 205-இல் இருந்தவர்கள் பெரிய மேசையைக் கதவோடு சேர்த்துத் தள்ளிப் பிடித்துக்கொண்டதால் அவனால் உள்ளே நுழையவே முடியவில்லை, ஒருவருக்கும் காயமில்லை. அந்த வகுப்பறைகளின் கதவுகளை உள்ளிருந்து பூட்ட வழியிருந்திருந்தால் அன்றைய கணக்கு வேறாக இருந்திருக்கக்கூடும்.

வளாகத்தை முழுவதுமாக அடைத்திருக்கலாமே என்ற கேள்வி அன்று எங்கும் எழுந்தது. அடைப்பு என்பது எல்லாக் கதவுகளையும் பூட்டி, இருந்த இடத்திலேயே அனைவரையும் இருக்கச் செய்வது. ஒரே கட்டிடமுள்ள பள்ளியில் ஆகக்கூடிய அது, நூற்றுக்கும் மேற்பட்ட கட்டிடங்களும் 30,000-க்கும் மேற்பட்ட மனிதர்களும் கொண்ட, நகரத்தோடு பிணைந்த வளாகத்தில் நடைமுறைக்கு ஒவ்வாது என்று வர்ஜீனியாவின் அன்றைய ஆளுநர் டிம் கெய்ன் அமைத்த ஆய்வுக் குழுவே கூறியது. அதே குழு, முன்னதாகவே தெளிவான எச்சரிக்கை போயிருந்தால் பலன் இருந்திருக்கும் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது கருத்துக்கே அதிக எடை தரத் தோன்றுகிறது. கொலையாளி கதவருகில் நிற்பது தெரிந்த மாணவர் தாமே மேசையை நகர்த்துவார் என்பதற்கு 205-ஆம் அறை சாட்சி.

அறிந்தவற்றை ஓரிடத்தில் சேர்க்காத குறை முன்பே தொடங்கியது. கொலையாளியான மாணவனின் எழுத்திலும் நடத்தையிலும் கலவரமடைந்த ஆங்கிலத் துறை, மாணவிகளின் புகாரைப் பெற்ற வளாகப் போலீஸ், விடுதி அலுவலர்கள், ஆலோசனை மையம் ஆகிய ஒவ்வொரு தரப்பிடமும் 2005-இலேயே ஒரு துண்டு இருந்தது. மாணவர் தகவல்களின் தனியுரிமையைக் காக்கும் சட்டம் பகிரத் தடையாக இருப்பதாகத் தவறாக எண்ணிக்கொண்டு, துண்டுகளை ஒருவரும் ஒட்டிப் பார்க்கவில்லை. 2008-இல் வர்ஜீனியா மாநிலம் அரசுக் கல்லூரிகள் அனைத்திலும் அச்சுறுத்தல் மதிப்பீட்டுக் குழு இருக்க வேண்டும் என்று சட்டமியற்றியது. போலீஸ், மனநலம், மாணவர் விவகாரம், சட்டம் ஆகிய துறையினர் ஒரே மேசையில் அமர்ந்து, கவலையூட்டும் ஒருவரைப் பற்றிய தகவல்களைச் சேர்த்துப் பார்த்து, தண்டிப்பதற்கு முன்பே உதவியைக் கொண்டு சேர்க்க முயல்வது அக்குழுவின் வேலை.

அதே ஆண்டு மத்தியச் சட்டமும் திருத்தப்பட்டது. உடனடி ஆபத்து உறுதிப்பட்டவுடன் தாமதமின்றி அவசர அறிவிப்பு விடுக்க வேண்டும்; அதற்கான முறையை ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும். குறுஞ்செய்தி, வெளிப்புற ஒலிபெருக்கி, வகுப்பறை மின்பலகை என ஒன்று தவறினால் மற்றொன்று எட்டும்படி இன்று வழிகள் அடுக்கப்படுகின்றன. நெருக்கடியின் நடுவே சொல் தேடித் தடுமாறாதபடி, இடத்தின் பெயரை மட்டும் நிரப்பினால் போதும் என்ற அளவில் வாசகங்கள் முன்கூட்டியே எழுதி வைக்கப்படுகின்றன. இதில் வேறொரு சிக்கலும் முளைத்திருக்கிறது. சிறு திருட்டுக்கும் காற்றுமழைக்கும் கைப்பேசி அலறிக்கொண்டே இருந்தால், புலி வருது புலி வருது கதையாகி, உண்மையான அபாயத்தின்போது யாரும் திரையைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள்.

எச்சரிக்கை தாமதமானதற்காக மத்தியக் கல்வித் துறை 2011-இல் வர்ஜீனியா டெக்குக்கு 55,000 டாலர் அபராதம் விதித்தது. கொல்லப்பட்டோர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் வெறும் சில்லறைக் காசான அத்தொகையையும் எதிர்த்து, அன்றைய அளவுகோலின்படி தாங்கள் தாமதிக்கவில்லை என்று பல்கலைக்கழகம் மேல்முறையீடு செய்தது. பிற்பாடு நீதிபதி அபராதத்தை நீக்கியதும், கல்விச் செயலர் அதில் ஒரு பகுதியை மீண்டும் விதித்ததும் தனிக்கதை. 2011 டிசம்பர் 8 அன்று, அம்முறையீட்டின் விசாரணைக்காகப் பல்கலைக்கழக அதிகாரிகள் வாஷிங்டனில் இருந்தபோது, பிளாக்ஸ்பர்க் வளாகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அரை மணி நேரத்துக்குள் வளாகம் முழுவதும் கைப்பேசிகள் ஒலித்தன.