துரு ஒளியும் இடம்

சென்னையில் 1961 முதல் பத்தாண்டுக் காலம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு காரின் உள்நாட்டு வடிவம். உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. டிரையம்பைத் தயாரித்த பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு வழக்கமாக பாடி செய்து தந்த ஆலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதால், தனிச் சேஸிஸ் ஒன்றின் மேல் பாடியைத் துண்டு துண்டாகப் பூட்டும்படி வண்டியை அமைத்தார்கள். பழைய காரைப் புதுப்பிப்பவருக்கு இது பெரிய வரம். பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாகக் கழன்று வரும். ஆனால் துண்டுகள் சேரும் ஒவ்வொரு இடுக்கிலும் தண்ணீர் தங்கும். அழிவு அங்கேதான் தொடங்கும்.

ஏன் இடுக்கில்? துருப்பிடிக்கக் காற்று வேண்டும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? கேம்பிரிட்ஜில் யூலிக் எவான்ஸ் என்ற வேதியியலாளர் செய்துகாட்டிய எளிய சோதனை இதற்கு விடை சொல்கிறது. பளபளப்பான இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புநீர். துளியின் விளிம்புக்கு ஆக்சிஜன் சுலபமாகக் கிடைக்கிறது, நடுவில் குறைவு. ஆனால் அரிப்பு நடப்பது நடுவில்தான். அங்கே இரும்பு அயனியாகிக் கரைகிறது. அது விட்ட எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே விளிம்புக்கு ஓடுகின்றன. அங்கே ஆக்சிஜனும் நீரும் அவற்றை ஏற்று ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. இரு தரப்பும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையமாகத் துரு படிகிறது. ஆக, ஒரே துளிக்குள் ஒரு மின்கலம். துரு தெரியும் இடம் வேறு, இரும்பு கரையும் இடம் வேறு.

கதவின் அடிமடிப்பு, போல்ட் இணைப்பு, பெயிண்டின் அடிப்புறம் எல்லாமே அந்தத் துளியின் நடுப்பகுதிக்குச் சமம். கடற்காற்றின் உப்பு நீரின் மின்கடத்தும் திறனைக் கூட்டி வேலையை விரைவுபடுத்துகிறது. துருவோ, கரைந்த இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளிக்கிறது. வெளியே காசளவு கொப்புளம் தெரிந்தால், உள்ளே உள்ளங்கையளவு தகடு போயிருக்கலாம்.

அதைச் சுரண்டிவிட்டுப் பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடிப்பதுதான் பரவலான வைத்தியம். ஓட்டையின் மேல் பட்டி பூசுவதைவிட ஓட்டையை அப்படியே விட்டுவைப்பது மேல் என்பேன். பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும்; பின்பக்கத்திலிருந்து வரும் தண்ணீரை உலோகத்தோடு ஒட்டவைத்துக் காற்றையும் மறைத்துவிடும். எவான்ஸின் துளி அங்கே மறுபடி உருவாகிறது.

முறையான வேலை, உலோகம் வெள்ளையாகத் தெரியும்வரை போவது. சேஸிஸுக்கு மணல் வீச்சு பொருந்தும். அகலமான மெல்லிய தகட்டில் அதே வீச்சு உலோகத்தை நீட்டி உப்ப வைத்துவிடும். கழற்றிய சிறு பாகங்களுக்கு மின்னாற்பகுப்பு அருமையான முறை. சலவைச் சோடா கரைத்த நீரில் பாகத்தை அமிழ்த்தி, பேட்டரி சார்ஜரின் மைனஸை அதில் கோத்து, பிளஸை ஒரு பழைய இரும்புத் துண்டில் கோக்க வேண்டும். துரு கறுத்து இளகும். நல்ல இரும்பு கரையாது. ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். பிளஸ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடவே கூடாது. நச்சுள்ள குரோமியம் சேர்மம் உண்டாகும். குழிகளில் மிஞ்சும் துருவை பாஸ்பாரிக் அமிலம் இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டானின் கலந்த திரவமும் கிடைக்கிறது. கடுக்காயில் துவர்ப்பைத் தரும் அதே வகைப் பொருள், துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாகிறது.

பொத்தலான இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கும்போதுதான் டிங்கரின் கைத்திறன் தெரியும். தகட்டின் தடிமன் 1 மில்லிமீட்டர் அளவுதான். சுடரில் சூடான பகுதி விரியப் பார்க்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் விடாமல் அமுக்குகிறது. ஆறியதும் அது முன்பைவிடச் சுருங்கித் தகட்டையே நெளித்துவிடுகிறது. ஆகவே தொடர்ச்சியாகப் பற்றவைக்காமல், தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்து, ஒவ்வொன்றும் ஆறக் காத்திருக்கிறார்கள். பிறகு பின்னால் டாலி என்ற இரும்புக் கட்டியை அணைத்து, மேலே சுத்தியலால் தட்டி, சுருங்கிய பற்றை மெல்ல நீட்டுகிறார்கள். விரல் நுனியால் தடவியே மேடு பள்ளம் சொல்லும் மேஸ்திரிகளின் வேலை பொருளறிவியலின் உயர்ந்த பாடம். அதற்கு நாம் தரும் மதிப்பு மிகக் குறைவு.

வெற்று உலோகத்தின் மேல் முதலில் எபாக்ஸி பிரைமர். அதன் மேல் அடிக்கும் சாம்பல் நிற சர்ஃபேசர் பூச்சு நுண்துளைகள் கொண்டது. அந்தக் கோலத்திலேயே வண்டியை மழைக்காலம் முழுக்க நிறுத்திவைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். இடுக்குகளுக்குள் நீண்ட குழாயால் மெழுகு பீய்ச்ச வேண்டும். கதவுக் கண்ணாடியின் ரப்பரைத் தாண்டித் தண்ணீர் எப்படியும் உள்ளே இறங்கும். அது வெளியேற அடியில் சிறு துளைகள் உண்டு. பெயிண்டும் பட்டியும் அவற்றை அடைத்துவிடுவது சகஜம். கண்ணாடியை ஒட்டி ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, அது கீழே வழிகிறதா என்று பார்த்த பிறகே வண்டியைப் பட்டறையிலிருந்து எடுங்கள்.