ஏஎஸ்/400 கணினியை மென்பொருள் சோதனைக்கு அமைத்தல்

ஏஎஸ்/400 என்பது ஐபிஎம் நிறுவனம் 1988 சூன் 21 அன்று அறிமுகப்படுத்திய நடுத்தர வணிகக் கணினிக் குடும்பம் ஆகும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள ராச்செஸ்டர் நகரில் இது உருவாக்கப்பட்டது. சிஸ்டம்/36, சிஸ்டம்/38 ஆகிய இரு கணினிகளின் வழிவந்தது. வங்கி, கிடங்கு, காப்பீடு, உற்பத்தி முதலிய துறைகளில் பெருமளவில் பயன்பட்டது. பின்னர் 2000 இல் ஐசீரீஸ் எனவும், 2006 இல் சிஸ்டம் ஐ எனவும் பெயர் மாறி, 2008 இல் பவர் சிஸ்டம்ஸ் குடும்பத்துடன் இணைக்கப்பட்டது. இதன் இயக்குதளமான ஓஎஸ்/400 இப்போது ஐபிஎம் ஐ என அழைக்கப்படுகிறது. பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட பழைய ஏஎஸ்/400 ஒன்றை, மென்பொருட்களைச் சோதிப்பதற்கான தனிக் கணினியாக அமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய கணினியின் தேவை

புதிய பதிப்பில் நிரலைத் தொகுக்கும்போது, பழைய பதிப்பில் இயங்குமாறு தொகுக்க வசதி உண்டு. ஆயினும் அது பொதுவாக இரண்டு பதிப்புகள் பின்னோக்கியே செல்லும். அதனினும் பழைய பதிப்பை வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு மென்பொருள் வழங்குவோர், அப்பதிப்பு இயங்கும் கணினி ஒன்றைத் தம்மிடம் வைத்திருக்க வேண்டியுள்ளது.

இரண்டாவது காரணம் இக்கணினியின் கட்டமைப்பிலேயே உள்ளது. இங்கு நிரல்கள் செயலியின் மொழிக்கு நேரடியாகத் தொகுக்கப்படுவதில்லை. இடையில் உள்ள ஓர் இயந்திர இடைமுகத்திற்குத் தொகுக்கப்பட்டு, அங்கிருந்து செயலிக்கு ஏற்ப மாற்றப்படுகின்றன. 1995 இல் 48 பிட்டுச் செயலிகளிலிருந்து 64 பிட்டுப் பவர்பிசி செயலிகளுக்கு மாறியபோது, மூலநிரல் இல்லாமலேயே பழைய நிரல்களைக் கொண்டுசெல்ல இதுவே உதவியது. ஆனால் இம்மாற்றத்திற்கு நிரலுடன் அதன் உருவாக்கத் தரவும் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். வன்தட்டில் இடத்தை மிச்சப்படுத்த அத்தரவை நீக்கிய நிறுவனங்கள் பல. மூலநிரலும் தொலைந்திருந்தால், அந்நிரல் என்ன செய்தது என்பதை அறியப் பழைய கணினியில் ஓட்டிப் பார்ப்பதே வழி.

வன்பொருளும் முனையமும்

முதலில் கவனிக்க வேண்டியது வன்தட்டுகள். ஏஎஸ்/400 ஒற்றைநிலைச் சேமிப்பகம் என்னும் முறையைப் பின்பற்றுகிறது. முதன்மை நினைவகமும் வன்தட்டுகளும் ஒரே முகவரி வெளியாகக் கருதப்படுகின்றன. ஒரு கோப்பின் பகுதிகள் பல தட்டுகளில் சிதறிக் கிடக்கும். எனவே சமநிலைக் காப்போ கண்ணாடிப் படியெடுப்போ இல்லாத கணினியில் ஒரு தட்டு பழுதானால், இழப்பது அத்தட்டை மட்டுமன்று. அதே சேமிப்புக் குழுவிலுள்ள அனைத்தையுமே. முதுமை எய்திய தட்டுகளைக் கொண்ட கணினியில் இது வெறும் கோட்பாட்டு அச்சம் அல்ல.

அடுத்தது இயக்குநர் முனையம். பழைய மாதிரிகளில் 5250 வகை முனையம் ட்வினாக்ஸ் கம்பிவடத்தால் இணைக்கப்படும். ஒரு வடத்தில் 0 முதல் 6 வரை முகவரியுடைய ஏழு கருவிகளை இணைக்கலாம். இயக்குநர் முனையம் முதல் துறையில் 0 முகவரியில் இருக்க வேண்டும். முனையம் கிடைக்காவிடில் முகப்புப் பலகையில் ஏ600 எனத் தொடங்கும் குறியீடு தோன்றி, கணினி அப்படியே நின்றுவிடும். கணினி பழுது என எண்ணிக் கைவிடப்பட்டவற்றுள் சில, உண்மையில் முனையம் இல்லாது காத்திருந்தவையே ஆகலாம்.

இயக்குதளத்தை நிறுவுதல்

பலகையில் கைமுறை நிலையைத் தெரிவு செய்து, டி வகைத் தொடக்கத்தைக் கொடுத்தால் கணினி குறுவட்டு அல்லது நாடாவிலிருந்து தொடங்கும். முதலில் உரிமம் பெற்ற உள்நிரலும், அதன்பின் இயக்குதளமும் நிறுவப்படுகின்றன. உள்நிரலை நிறுவும்போது கணினியைத் துவக்கநிலைக்குக் கொண்டுவரும் தெரிவு, இருக்கும் தரவு அனைத்தையும் அழித்துவிடும். முந்தைய உரிமையாளரின் வாடிக்கையாளர் தரவு மிச்சமிருப்பின் இதுவே முறையான வழி. ஆனால் நிறுவல் வட்டுகள் கையில் இருப்பதை உறுதி செய்யாமல் இதைச் செய்தால், வெறும் இரும்புப் பெட்டியே மிஞ்சும்.

இயக்குதள உரிமம் கணினியின் வரிசை எண்ணுடன் பிணைக்கப்பட்டது. உரிமத் திறவுகோல் கேட்கும் மென்பொருட்கள், அது இல்லாவிடில் 70 நாட்கள் சலுகைக்காலத்தில் மட்டும் இயங்கும்.

நிறுவியபின் பாதுகாப்பு அலுவலரின் கடவுச்சொல்லை மாற்றுதல் வேண்டும். கணினியை நிறுத்துகையில் உரிய கட்டளையைத் தராமல் மின்சாரத்தைத் துண்டித்தால், அடுத்த தொடக்கத்தில் தரவுத்தள அணுகுபாதைகளைச் சீரமைக்க நெடுநேரம் ஆகும்.

சோதனைச் சூழல்

ஓஎஸ்/400 இல் கோப்புகளும் நிரல்களும் நூலகங்களில் வைக்கப்படுகின்றன. ஒரு பெயரைக் கேட்டால், பணியின் நூலகப் பட்டியலில் உள்ள வரிசைப்படி கணினி தேடும். சோதனை நூலகத்தை உற்பத்தி நூலகத்திற்கு முன்னே வைத்தால், நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றாமல் சோதனைத் தரவில் ஓட்டலாம். எளிய முறை, ஆயினும் ஆபத்தும் இதிலேயே உள்ளது. சோதனை நூலகத்தில் ஒரு கோப்பை நகலெடுக்க மறந்தால், கணினி பிழை எதுவும் காட்டாமல் அடுத்த நூலகத்திலுள்ள உண்மைக் கோப்பை எடுத்து மாற்றிவிடும்.

இதைத் தடுக்கவே நூலகங்களுக்கு உற்பத்தி, சோதனை என இரு வகைகள் உள்ளன. வழுநீக்க நிலையில், உற்பத்தி நூலகக் கோப்புகளை மாற்றத் தடை இயல்பாகவே விதிக்கப்படுகிறது. ஆனால் இக்காப்பு முழுமையானதன்று. கோப்பை அழிப்பதையும் தரவுப் பகுதிகளை மாற்றுவதையும் அது தடுக்காது. அந்தப் பணியிலிருந்து தொகுதிப் பணியாக அனுப்பப்பட்ட நிரலுக்கும் அது பொருந்தாது. சோதனைக்குத் தனிக் கணினியே சிறந்தது எனக் கூறப்படுவது இதனால்தான். புதிய நூலகம் உருவாக்கும்போது வகையைக் குறிப்பிடாவிடில் அது உற்பத்தி வகையாகவே அமையும் என்பதையும் நினைவிற் கொள்க.

ஒரு சோதனையைத் திரும்பத் திரும்ப நடத்த, தரவு ஒவ்வொரு முறையும் தொடக்க நிலைக்கு வர வேண்டும். நூலகத்தைச் சேமிப்புக் கோப்பில் வைத்து மீட்பது ஒரு வழி. மாற்றங்களைப் பதிவேட்டில் குறித்து, பின் அவற்றை நீக்குவது விரைவான வழி. இதற்கு மாற்றத்திற்கு முந்தைய வடிவமும் பதிவாக வேண்டும். இயல்பாக மாற்றத்திற்குப் பிந்தைய வடிவம் மட்டுமே பதிவாகும் என்பதால், இரண்டையும் கேட்டுப் பெறுதல் அவசியம்.

நாள் சோதனை

2000 ஆம் ஆண்டுச் சிக்கலின்போது ஏஎஸ்/400 கணினிகளில் நாளை முன்னோக்கித் தள்ளிச் சோதித்தல் பரவலாக நடைபெற்றது. இதன் தேவை முற்றிலும் தீரவில்லை. இக்குடும்பத்தில் இரண்டிலக்க ஆண்டு மரபாக 1940 முதல் 2039 வரையான காலத்தையே குறிக்கும். 40 என்பது 2040 அன்று, 1940. ஆகவே 2010 இல் வழங்கப்பட்ட 30 ஆண்டு வீட்டுக் கடனின் முடிவு நாளே இவ்வெல்லையைக் கடந்துவிடுகிறது.

நாளை மாற்றும் முன் முழுக் கணினியையும் நாடாவில் சேமித்தல் வேண்டும். நாள் தாண்டியதும் காலவரிசைப் பணிகள் ஓடத் தொடங்கும், கடவுச்சொற்கள் காலாவதியாகும், மேற்கூறிய 70 நாட்களும் ஒரே நொடியில் கழிந்துவிடும்.

பிற கணினிகளுடன் தரவுப் பரிமாற்றம்

ஏஎஸ்/400 எழுத்துகளை எப்சிடிக் குறிமுறையில் வைக்கிறது. ஆஸ்கியில் எண்கள் எழுத்துகளுக்கு முன் வரும். எப்சிடிக்கில் எழுத்துகளுக்குப் பின் வரும். எனவே ஒரே பட்டியல் இரு கணினிகளில் இரு வரிசையில் அமையும். வரிசையை நம்பிய நிரல் தனிக் கணினியில் சரியாக ஓடி, பரிமாற்றத்திற்குப் பின் தவறுவது இதனால். சேமிப்புக் கோப்புகளை அனுப்புகையில் இருமப் பரிமாற்றத்தையே பயன்படுத்த வேண்டும். எழுத்து வகைப் பரிமாற்றத்தில் குறிமுறை மாற்றப்பட்டு அவை பயனற்றுப் போகும்.